நன்கொடைப் படத்தில் அப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். வழக்கத்துக்காக எழுதுகிற வார்த்தை இல்லை இது, இங்கே பாதிப் பேர் நம்ப மறுப்பதால் அடிக்கோடு போட்டே எழுதுகிறேன். எனக்கு இரண்டு காலும் உண்டு, இரண்டும் நடக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். குட்டிக்குச் சளி விட்டதா?

அந்த நன்கொடைப் படத்தைப் பார்த்துவிட்டு நேற்று நீ அம்மாவிடம் போனில் அழுதாயாம். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா, அப்பாவை இப்படித் தனியாக விட்டுவிட்டேனே என்று கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், ஒரு விஷயமும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

அந்தப் படம் வந்த கதை இது. நம் அறக்கட்டளையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலி, வாக்கர், கட்டில் எல்லாம் இலவசமாகக் கொடுத்து வாங்குகிறோம் அல்லவா, அதில் பழுது பார்க்கிற வேலை பதினோரு வருடமாக என்னுடையது. யாரிடமும் படித்து வந்த வேலை இல்லை, கழற்றிக் கழற்றிக் கற்றுக்கொண்டது. நான் உட்கார்ந்து பார்க்காத நாற்காலி எதுவும் கொட்டகையை விட்டுப் போனதில்லை. உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளுவேன். பேரிங் எங்கேயாவது உரசினால் அப்போதுதான் காதில் விழும். அன்றைக்குச் செயலாளர் என்கிற முறையில் உன் மாமா விளம்பரத்துக்கென்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தான். நான் கண்ணைத் திறப்பதற்குள் அவள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓரமாக ஒரு நோயாளி உட்கார்ந்து அழுகிறார் என்று நினைத்தாளாம். அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவளுக்கு என்னைத் தெரியாது. உன் மாமாவுக்குத் தெரியாதா? அக்கா புருஷன் முகம் அவனுக்கு மறந்துவிட்டதா? படத்தைப் பார்த்தான், கீழே அவள் யாரிடமோ அரைகுறையாகக் கேட்டு எழுதியிருந்ததையும் படித்தான், சரி என்று தலையாட்டிவிட்டான். ‘பெற்ற பிள்ளை கடல் கடந்து போய்விட்டது. இவருக்கு மிஞ்சியது இந்த நாற்காலி மட்டுமே.’ இதை எழுதி ஊருக்கெல்லாம் போனில் அனுப்பி, மருந்துக்கடையில் உண்டியலுக்கு மேலே ஆள் உயரத்துக்கு மாட்டியும் வைத்துவிட்டார்கள். மிஞ்சியது நாற்காலி மட்டுமாம். அப்படியானால் உன் அம்மா யார்? அவளிடம் காட்டினால் சிரிக்கிறாள். “உங்க மூஞ்சி சும்மா இருந்தாலே அழுவுற மாதிரிதான் இருக்கும், அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா” என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் நடந்து போகிறேன், முன்பின் தெரியாத ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா! நான் குடுத்தது வீண் போகலை” என்று கண் கலங்குகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்தவள், என்னை நிறுத்தி, “அவ்வளவு படிக்க வச்சீங்க, பாருங்க, திரும்பிக்கூடப் பாக்கலை” என்றாள். உன்னைச் சொல்கிறாள். வாரம் தவறாமல் கூப்பிடுகிற பெண்ணை. நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

அவன் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். “அத்தான், மூணு வருஷமா வரிசையா நாற்காலிய நிக்க வச்சு படம் போட்டோம். ஒரு பய திரும்பிப் பாக்கலை. இதைப் போட்டதும் பத்தே நாள்ல ரெண்டு வருஷக் கொட்டகை வாடகை சேந்துடுச்சு. உங்க ஒரு மூஞ்சியால நூறு பேர் நடப்பான், உங்களுக்கு என்ன குறைஞ்சுது?” என்றான். எனக்கு ஒன்றும் குறையவில்லை, என் மகளுக்குக் குறைந்தது. அவள் பெயரை விற்றுக் கொட்டகைக்கு வாடகை கட்ட நீ யார் என்று கேட்டேன். கமிட்டியைக் கூட்டினார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் படம் இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தவர், “அனுதாபம் இல்லாம அஞ்சு காசு வராதுங்க” என்கிறார்.

நன்கொடை கேட்பது தப்பு என்று நான் எப்போது சொன்னேன்? கேட்காமல் யாரும் தர மாட்டார்கள், எனக்கும் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்தவருக்குக் கட்டில் வேண்டும் என்று கேள், டயர் வாங்க வேண்டும் என்று கேள், கை நீட்டியே கேள். இருப்பதைச் சொல்லிக் கேள். இல்லாத அநாதையை உண்டாக்கிக் கேட்பதற்குப் பெயர் வேறு.

கூட்டம் முடிந்ததும் மருந்துக்கடைக்குப் போய் நானே அந்தப் படத்தைக் கழற்றினேன். கடைக்காரர், “செயலாளரைக் கேக்காம எப்படிங்க” என்றார். படத்தில் இருக்கிற ஆளே வந்து கழற்றுகிறேன், இதைவிட யாரைக் கேட்க வேண்டும் என்றேன். பிறகு ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து, கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கையாலேயே கடிதம் எழுதினேன். படத்தில் இருப்பவன் பழுது பார்க்கிறவன், மனைவியோடு இருக்கிறான், மகள் கைவிடவில்லை, கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் தருகிறோம் என்று. எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது. சிலர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பலரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஸ்கூட்டர்காரர் மட்டும் கொட்டகைக்கே வந்து, ஏமாற்றிவிட்டீர்கள் என்று அரை மணி நேரம் சத்தம் போட்டார். நியாயம்தான், நின்று கேட்டுக்கொண்டேன். மாமா என்னோடு பேசுவதில்லை. கொட்டகையை மூடும்படி ஆனால் அதற்கு நான்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்கிறானாம். சொல்லட்டும். மூடினால் நாற்காலிகள் நம் வீட்டுக் கூடத்துக்கு வரும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே சோபாவைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டாள்.

போனில் போனதை மட்டும் என்னால் திரும்பப் பிடிக்க முடியவில்லை. அதுதான் உன் வரைக்கும் வந்து உன்னை அழவைத்திருக்கிறது. இவ்வளவு பேரோடு நான் சண்டை போட்டது அது பொய் என்று நிரூபிக்க. நீ வேலையை விட்டு ஓடி வந்தால் அது உண்மையாகிவிடும். தையல்காரம்மா சொன்னதை நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். எங்களைப் பார்க்க ஆசை வந்தால் லீவு போட்டு வா, பத்து நாள் இரு, உன் மாமாவைக்கூட ஒரு நடை போய்ப் பார். ஆனால் அந்தப் படத்துக்குப் பதில் சொல்ல என்று வராதே. வந்தால் நான் பேச மாட்டேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும், உனக்கும் அதேதான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டியைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கள் இருவருடைய ஆசியும் உன்னோடு எப்போதும் உண்டு, நீ எந்தக் கரையில் இருந்தாலும். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கிழித்துப் போடு. கிழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, மற்ற பேச்செல்லாம் பிறகு.

உன்னைக் கைவிடாத, நீயும் கைவிடாத,
அப்பா