குழவி என்கிற லென்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

ஒட்டடைக்குச்சி வந்து லென்ஸைக் கொடுத்துவிட்டுப் போனாள். கல்லூரியில் நாங்கள் வைத்த பெயர். இருபத்தைந்து வருடத்தில் அவளும் சதை போடவில்லை, பெயரும் மாறவில்லை. இனி வீடியோ மட்டும்தான் எடுக்கப் போகிறாளாம். "மூணு வாரம் வெச்சுப் பாருடி. பிடிச்சா எடுத்துக்கோ. இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்காரு, இருபத்தி நாலாம் தேதிக்குள்ள சொல்லிடு."

நூற்றைந்து மில்லிமீட்டர், துளை 1.4 வரை திறக்கும். முகங்களை எடுப்பதற்கென்றே செய்தது. முன்கண்ணாடியில் என் முகம் முழுசாகத் தெரிகிறது. மங்கிய அறையில்கூட வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும்.

அவர் வேலையிலிருந்து வந்ததும் முதல் காரியமாக அதைத் தராசில் வைத்தார். தராசு பழுதுபார்ப்பவரைக் கட்டிக்கொண்ட வீட்டில் எதுவும் எடை தெரியாமல் கிடக்க முடியாது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம். "இது லென்ஸா, அம்மிக் குழவியா?" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, என் வலது மணிக்கட்டைப் பார்த்தார். மாடிப்படியில் விழுந்து உடைந்து இரண்டு வருடமாகிறது. உள்ளே இன்னும் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன.

வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மார்ச் 5, வியாழன்

அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து நாற்பது படம். முழுசாகத் திறந்தால் இமைமுடி ஊசியாகத் தெரிகிறது, காது பனிமூட்டமாகிவிடுகிறது. முப்பது படங்களில் கண்ணுக்குப் பதில் மூக்குக்கண்ணாடி விளிம்பு துல்லியம். "கண்ணாடிக் கடை விளம்பரத்துக்கு அனுப்பு" என்கிறார்.

நாற்பதாவது படத்தில் கண் கிடைத்தது. திருமணமாகிப் பத்தொன்பது வருடம். அவர் கண்ணில் இவ்வளவு குறும்பு இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

ஏன் இந்த ஆசை என்று எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க.

பெரிய மருத்துவமனையின் வரவேற்பறைச் சுவரில் இதுவரை டாக்டர்கள் படம் மட்டும்தான். இப்போது இருபது வருடத்துக்கு மேல் உழைத்த மற்றவர்களையும் மாட்டப் போகிறார்கள். பத்தொன்பது பேர். கடைத்தெருவின் பெரிய ஸ்டுடியோவும் இந்த வேலையைக் கேட்டது. என்னைத்தான் கூப்பிட்டார்கள். மேலாளர் என் படங்களைப் புரட்டிவிட்டு, "உங்க படத்துல யாரும் போஸ் குடுக்கறதில்லையே" என்றார். மூன்று நாளாக அந்த வாக்கியத்தை அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிபந்தனை: அவரவர் வேலையிடத்தில் எடுக்க வேண்டும். பக்கத்தில் நோயாளிகள், அதனால் ஃபிளாஷ் கூடாது. அங்கே இருப்பதோ மங்கல் வெளிச்சம். குழவி இல்லாமல் முடியாது.

நியாயம்தானே? இல்லை, ஆசைக்கு நான் தைத்துப் போட்ட சட்டையா?

மார்ச் 10, செவ்வாய்

ஆறு பேரை எடுத்துவிட்டேன். எல்லாம் 1.4-இல். முகம் அப்படியே எழுந்து நிற்கிறது, பின்னால் எல்லாம் வெண்ணெயாக உருகி ஓடுகிறது. இவ்வளவு அழகாக நான் எடுத்ததே இல்லை. பார்த்துப் பார்த்து மாய்ந்து போகிறேன். பெருமைப்பட்டால் என்ன, பட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 11, புதன்

மணிக்கட்டு வலி. எழுத்து கோணுகிறது. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்

தலைமை நர்ஸம்மாவிடம் அவருடைய படத்தைக் காட்டினேன். அவருக்கும் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அமைதியாகக் கேட்டார்: "நல்லா இருக்கும்மா. என் வார்டு எங்க?"

பின்னால் இருக்கிறது, லேசாக மங்கலாக, என்றேன்.

"முப்பத்திரண்டு வருஷம் நின்ன இடம்மா அது. நான் ஏதோ மேகத்துல நிக்கற மாதிரில்ல இருக்கு."

எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சரி, சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். ஆறு படத்தையும் திரும்பப் போட்டுப் பாத்தேன். சமையல்காரர், லிஃப்ட்காரர், மருந்துக் கிடங்குக்காரர் — எல்லாரும் மேகத்துலதான் நிக்கறாங்க. யாருக்கு என்ன வேலைன்னே சொல்ல முடியல. இவங்க படமா இது? என் லென்ஸோட படம். எத்தன நாளா பாத்துப் பாத்து மாஞ்சிட்டிருந்தேன், அவங்களையா பாத்தேன்?

மார்ச் 14, சனி

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பழைய சின்ன லென்ஸ், முக்காலி ஸ்டாண்ட். வெளிச்சம் போதாத இடத்தில் பின்புலமும் தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் மெதுவாகத்தான் விழும், உட்காருபவர் சிலையாக இருக்க வேண்டும். அதனால் நேரமாகிறது. பேச்சும் வளர்கிறது.

எல்லோரிடமும் ஒரே கேள்வி: பின்னால் இருப்பது தெரியணுமா, வேண்டாமா?

சமையல்காரர் தன் பெரிய பாத்திரங்களை உயரவாரியாக அடுக்கிவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லிஃப்ட் தெரியலைன்னா நான் சும்மா நிக்கற ஆளுங்க." நர்ஸம்மாவுக்குப் பின்னால் பதினான்கு கட்டிலும் வரிசையாகத் தெரிகிறது. படத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார், ஊசி போட்டு முடித்ததும் தட்டுவதுபோல.

படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. முந்தாநாள் பட்ட அவமானம் போய்விட்டது.

குழவி பையை விட்டு வெளியே வரவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம். மணிக்கட்டும் அதைத்தான் சொல்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

சலவைப் பகுதி. கீழ்த்தளம். ஆவி, இரைச்சல், சுவர் முழுக்க இயந்திரங்கள். அங்கே முப்பத்தொரு வருடமாக வேலை பார்க்கும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டே கேள்வியைக் கேட்டேன். பதில் தெரியும் என்ற நினைப்பில்.

"வேண்டாம்மா" என்றார். "இதைத்தான் தினம் பாக்கறேனே. உன் படத்துலயும் வந்து நிக்கணுமா இது? காணாமப் பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். பையிலிருந்து குழவியை எடுத்தேன்.

ஒரே படத்தில் இயந்திரங்கள் அத்தனையும் கரைந்துபோயின. நெற்றியில் ஒட்டிய நரைமுடி மட்டும், கண் மட்டும். கண்ணில் விழுந்திருந்தது துல்லியம்.

மார்ச் 19, வியாழன்

பிணவறை உதவியாளரிடம் நான் கேள்வியை முடிக்கவே இல்லை. வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தார். குழவி.

மார்ச் 22, ஞாயிறு

பதினான்கு பேர் இருக்கட்டும் என்றார்கள், ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்து பேருக்காக ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தூக்கிச் சுமக்க வேண்டுமா? அந்த ஐந்து படத்தையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் வேண்டாம் என்றுதான் வருகிறது.

மார்ச் 24, செவ்வாய்

இன்று காலை சுவரில் மாட்டினார்கள். எதிரே டாக்டர்கள், இந்தப் பக்கம் இவர்கள். லிஃப்ட்காரர் தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

சலவை அம்மா மருமகளை அழைத்து வந்திருந்தார். படத்துக்கு முன்னால் நின்றார், ரொம்ப நேரம். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. மருமகளிடம் சொன்னார்:

"பாத்தியா, இதுல நான் மட்டும்தான் இருக்கேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒட்டடைக்குச்சிக்குப் போன் செய்தேன். எடுத்துக்கறேன்டி என்றேன். "கை என்னாகும்?" என்றாள். தெரியாது என்றேன். அது உண்மை. அவளுக்குப் பணம் கொடுக்க என் மற்ற இரண்டு லென்ஸ்களையும் விற்க வேண்டும், பழைய சின்னதைத் தவிர. விற்றுவிடுவேன்.

வீட்டில் அவரிடம் மணிக்கட்டு வலியையும் சேர்த்தே சொன்னேன். "தெரியும். ரெண்டு வாரமா இடது கையாலதானே தண்ணி மோந்து குடிக்கறே" என்றார். லென்ஸை எடுத்து ஒரு முறை கையில் ஏந்திப் பார்த்தார், தராசு இல்லாமல்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அவர் பட்டறையிலிருந்து ஏதோ இரும்பைக் கொண்டுவந்து கூடத்தில் அறுத்துக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பழைய எடைமேடைத் தராசு ஒன்றின் தூண். கீழே மூன்று சக்கரம், மேலே லென்ஸ் உட்கார ஒரு தொட்டில், ஏற்றி இறக்க ஒரு திருகு. என் ஸ்டுடியோவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். குழவியை வைத்துக் கையை எடுத்தேன். அப்படியே நின்றது. ஒற்றை விரலால் திருப்ப முடிகிறது. எடை முழுக்கத் தூணுக்கு, பார்வை மட்டும் எனக்கு.

"சரி பாக்கணும், நீ உக்காரு" என்றார். பதினாறு வருடமாக மற்றவர்களை உட்காரவைத்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் குனிந்தவர் நிமிர்ந்து, என் குரலிலேயே கேட்டார்:

"பின்னாடி இருக்கறது தெரியணுமா, வேண்டாமா?"

திரும்பிப் பார்த்தேன். காரை பெயர்ந்த சுவர். நானே வெள்ளையடித்த பாதி. ஒரு கால் நொண்டும் மேசை. ஆணிகளில் வரிசையாக, யார் யாருடைய முகங்களோ.

"எல்லாம் தெரியட்டும்" என்றேன். எந்த வளையத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொன்னேன்.

"மெதுவா விழும், அசையாம இரு" என்றார்.

அசையவில்லை.