ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கைப்பை

என்னங்க,

ஒஹாயோ பனியில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தாம்பரத்தில் நான் சௌக்கியம். போனில் சொன்னால் நடுவில் கத்துவீர்கள், அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு விழுப்புரத்தில் உங்கள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். இருபது வருஷம் அமெரிக்காவில் பாடம் நடத்திய பழக்கம், பெருங்களத்தூரில் வரிசையில் நின்றேன். வரிசையில் நான் ஒருத்திதான். மூன்று பஸ் போய்விட்டது.

"அமெரிக்கா டீச்சர், ஜன்னல் வழியா கர்சீப்பைப் போடுங்க, சீட் உங்களுது!" என்று வழியனுப்ப வந்த எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் ஷபீனா கத்தினாள். கர்சீப் இல்லை, கைப்பையைப் போட்டேன். பாஸ்போர்ட் அதில்தான் இருந்தது. நான் ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

பதறாதீர்கள். பண்டிகை நெரிசலில் பஸ் ஊர்ந்துதான் போனது. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, வண்டலூரில் பிடித்துவிட்டேன். உள்ளே மூச்சுவிட இடமில்லை, என் கைப்பை மட்டும் ஜன்னலோரம் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது!

பக்கத்தில் நின்றிருந்த மீன்கார அம்மா, "இன்னாம்மா இவ்ளோ லேட்டு? காலு கடுக்குது. பை கீதேன்னு யாரும் குந்தல" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரையும் இழுத்து அதே சீட்டில் பாதியில் உட்கார வைத்தேன். என் பாதி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், பாவம் அவர்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடணும். உங்கள் பெரிய கட்டம்போட்ட கர்சீப் இரண்டு அனுப்புங்கள். ஒன்று எனக்கு. இன்னொன்றைப் பக்கத்து சீட்டில் போட்டு வைக்கிறேன். நீங்கள் எவ்வளவு லேட்டாக வந்தாலும் யாரும் உட்கார மாட்டார்கள்.

உங்கள்
ஜெயஸ்ரீ