முன் சக்கரத்துக் கட்டைகள்

வண்ணார்பேட்டை,
3.6.2024

அன்புள்ள பெனோ அண்ணனுக்கு,

சித்ரலேகா எழுதுவது. நானும் ப்ரியாவும் சுகம். கிரேஸ் அக்காவின் முழங்கால் வலி இப்போது தேவலையா? கோயம்புத்தூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்களே.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு வருவதில்லை. போன தடவையும் "அழாதம்மா" என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் போனை வைக்கவேண்டியதாயிற்று. அதோடு, இந்தத் தாளின் பின்பக்கம் பாருங்கள், ஒரு படம் இருக்கிறது. ஒரு பிரேக் கட்டையைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டேன். அளவு மாறக்கூடாது அல்லவா.

ஆமாம், அவர் சைக்கிள்தான். அவர் போனபிறகு மூன்று வருடமாகப் பின்கட்டில் போர்வை போட்டு மூடி வைத்திருந்த அந்த இங்கிலாந்து சைக்கிளை ப்ரியா வெளியே எடுத்துவிட்டாள். எம்.எஸ்ஸி.க்கு அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருக்கிறது. "அப்பா சைக்கிள்லதான் போவேன்" என்கிறாள். முதலில் திட்டினேன். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை, பழைய துணியை எடுத்துக்கொண்டு துடைக்க உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய் டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

நம் தெருமுனைக் கடை இசக்கிராஜா சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக் கொடுத்துவிட்டார். பிரேக் கட்டைதான் கிடைக்கவில்லை. டவுன், பாளையங்கோட்டை எல்லாம் அலைந்தாயிற்று. "இந்த அளவு நம்ம ஊர்ல இல்ல மேடம்" என்கிறார்கள். பின் சக்கரத்தில் இருப்பவை கல்லாக இறுகிவிட்டன. முன் சக்கரத்தில் கட்டைகளே இல்லை. பாபநாசம் இறக்கத்தில் அவர் விழுந்தபோது தெறித்துப் போயிருக்கும் என்று அன்றைக்கே போலீஸ்காரர் சொன்னார்.

நீங்களும் அவரும் ஞாயிறுதோறும் பழைய சைக்கிள்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள். எங்கே கேட்டால் கிடைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
சித்ரா


கோயம்புத்தூர்,
12.6.2024

அன்புத் தங்கை சித்ராவுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் நலம். கிரேஸுக்கு வலி குறைந்திருக்கிறது. ப்ரியாவுக்கு இடம் கிடைத்ததைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டாள்.

உன் படத்தை எடுத்துக்கொண்டு உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் தாவூது பாயிடம் போனேன். அவரிடம் அதே காலத்துக் கட்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஆனால் ரப்பர் அறுபது வருடத்துச் சரக்கு. நகத்தால் கீறினால் கோடு விழவில்லை. பார்வைக்கு அழகு, பிடிப்பு இருக்காது. "புள்ளை ஓட்டுற வண்டின்னா இதைக் கொடுக்க மாட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டார். புது ரப்பரை உன் கோட்டின்படி அறுத்து நான்கு துண்டு தந்தார். பார்சலில் வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம், கவனமாகக் கேள். ரப்பர் உட்காரும் இரும்புக் கூட்டுக்கு ஒரு முனை அடைத்திருக்கும், மறுமுனை திறந்திருக்கும். அடைத்த முனை சைக்கிள் போகும் திசையைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். மாறிவிட்டால், பிரேக்கை அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் ரப்பரை முன்பக்கமாக இழுத்து வெளியே தள்ளிவிடும். மாட்டியதும் நீயே ஒருமுறை பார்த்துக்கொள்.

வேறு விசேஷமில்லை. கல்லிடைக்குறிச்சியில் மாமா சுகம்தானே?

அன்புடன்,
பெனோ


வண்ணார்பேட்டை,
20.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. நீங்கள் எழுதியிருந்ததைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிள் முன்னால் குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தில் சரியாக இருக்கிறது. முன் சக்கரத்தில் இரண்டு கூடும் திறந்த முனை முன்னால் பார்த்தபடி இருக்கின்றன. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் உராய்வுப் பாடம் நடத்துகிறவள் நான். மூன்று வருடமாக அந்த வண்டி வீட்டிலேயே இருந்திருக்கிறது, ஒரு நாள் குனிந்து பார்க்கவில்லையே.

நேரே இசக்கிராஜா கடைக்குப் போனேன். அவர்தானே அவ்வப்போது இவர் வண்டியைப் பார்ப்பார். நாலு பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பாராமல் கத்திவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் அவுக வண்டில பிரேக்கத் தொட்டதே இல்ல மேடம். செயின் மட்டுந்தான் போடுவேன். இப்பவும் சக்கரத்தக் கழட்டி நிமித்தினேன், அந்தக் கூட்டுல கை வைக்கல. ஆள் உயிர வாங்கிட்டேன்னு சொல்லுதீங்களே, நான் எங்கன போய்ச் சொல்ல?" என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. இன்றைக்குக் காலையில் அவர் கடை திறக்கவில்லை. தெருவில் பேச்சாகிவிட்டது.

போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் அன்றைக்கு இவர் கூடவே சைக்கிளில் போனவர். நீங்கள் சொன்னால் எடுபடும்.

மாமாவைக் கேட்டிருந்தீர்கள். சுகம்தான், என்னிடம் மட்டும் இன்னமும் பேசுவதில்லை. அன்றைக்குக் காலையில் ப்ரியாவின் விண்ணப்பத்தை நிரப்ப உட்காராமல் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாரே என்று, "போங்க, திரும்பி வராட்டாலும் பரவாயில்ல" என்று நான் சொன்னதை, ஆஸ்பத்திரியில் நானேதான் மாமாவிடம் சொல்லி அழுதேன். "நீ பேசின பேச்சுதான் எம் பிள்ளையத் தள்ளிவிட்டுது" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அது பொய் என்று சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை.

உடனே பதில் எழுதுங்கள்.

சித்ரா


கோயம்புத்தூர்,
25.6.2024

சித்ரா,

இசக்கிராஜா ஒரு பாவமும் அறியாதவர். போலீஸுக்குப் போகாதே. போவதானால் என் பெயரை எழுதிக் கொடு.

முன் சக்கரத்துக் கட்டைகளை மாட்டியது நான். விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு பேருமாகச் சுத்தம் செய்தோம். அம்மையப்பன் பின் சக்கரத்தை எடுத்துக்கொண்டான், நான் முன் சக்கரத்தை. பேசிக்கொண்டே முடுக்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இறக்கத்தில் நான் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். இரண்டாவது வளைவுக்கு முன்னால் அவன் கத்தினான்: "பெனோ, பிரேக் இல்லலே!" காலைத் தரையில் தேய்த்து நிறுத்தப் பார்த்தான். பின் பிரேக்கையும் பிடித்துப் பார்த்தான். அது போதவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், மேலே ரோட்டில் ஒரு ரப்பர் கட்டை கிடப்பதைப் பார்த்தேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். போலீஸ் கேட்டபோது, வேகமாகப் போனான் என்று மட்டும் சொன்னேன்.

நீயும் மாமாவும் பேசியதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டேன். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். காரியம் முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் நாற்பத்தோராம் நாள் கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் பாங்கில் மாறுதல் கேட்டு வாங்கி இங்கே வந்துவிட்டேன். நீ போனில் அழும்போதெல்லாம் சொல்ல வாயெடுத்திருக்கிறேன். வந்தது "அழாதம்மா" மட்டும்தான்.

இதை எழுதும்போதுகூட, ப்ரியா அந்தச் சைக்கிளைக் கேட்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

பெனோ


வண்ணார்பேட்டை,
14.7.2024

திரு. பெனோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன்.

முதலில் இசக்கிராஜா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் கடை முன்னால், அன்றைக்கு நின்ற ஆட்களும் இருக்கும்போது, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். "சரி, விடுங்க மேடம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

உங்களைப் பற்றி. கட்டையை மாற்றி மாட்டியது கைத்தவறு. அது யாருக்கும் வரும். கடிதத்தைப் படித்து முடிக்குமுன்னரே அந்தக் கோபம் எனக்குப் போய்விட்டது. ஆனால் இந்த மூன்று வருடத்தை என்ன செய்ய? மனசு உடைந்து போய், இருந்தால் என்ன போனால் என்ன என்று அவர் கைப்பிடியை விட்டுவிட்டாரோ என்று நான் எத்தனை தடவை நினைத்திருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்கூட. அவர் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். காலைத் தேய்த்திருக்கிறார். உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். பிழைக்கத்தான் பார்த்திருக்கிறார். அந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

போலீஸுக்குப் போகப்போவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். கல்லிடைக்குறிச்சிக்கு வந்து மாமா முன்னால் நின்று, எனக்கு எழுதியதை எல்லாம் உங்கள் வாயால் சொல்லுங்கள். கடிதத்தை நான் காட்டமாட்டேன். நீங்கள் வரும்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

சித்ரலேகா


வண்ணார்பேட்டை,
9.8.2024

பெனோ அவர்களுக்கு,

நீங்கள் வந்து போனதை மாமாவே சொன்னார்.

"ஏலே, மூணு வருசமா இந்தப் பிள்ள மேல என்னயப் பழி போட வச்சிட்டியேலே" என்று உங்களிடம் கத்தியதாகவும், நீங்கள் தலையைக் குனிந்தபடி அப்படியே நின்றதாகவும், "எந்திரிச்சுப் போ" என்று சொல்ல நினைத்தபோதுதான் உங்களை உட்காரச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்ததாகவும் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இங்கே வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "சித்ரா" என்றார். லீவு போட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிடும்போதுதான், பைய, "நாங் கெட்ட மனுசன்மா" என்றார். இல்லை மாமா என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். சாப்பிட்டார்.

திதிக்கு நீங்கள் வரவேண்டாம். இந்த வருடம் வேண்டாம். அடுத்த வருடத்தைப் பற்றி இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணன் என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. ஆனாலும் நீங்கள் வந்தீர்கள். வராமல் இருந்திருக்கலாம். அதை மறக்கமாட்டேன்.

கிரேஸ் அக்காவுக்கு இது தெரியுமா? போன வாரம் எனக்குப் போன் செய்து, "உங்க அண்ணன் சரியா சாப்பிடுததில்லம்மா, என்னன்னு கேளு" என்றார்கள். வேலைப்பளுவாக இருக்கும் அக்கா என்று சொல்லிவைத்தேன். இன்னொரு தடவை அவர்களிடம் என்னால் அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கடிதம் வந்து சேரும் நாளில் அவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

சித்ரா