அண்ணன் பங்கு

அப்பா,

இன்று காலை துவைக்கப் போடுவதற்காக நேற்றைய வேட்டியை எடுத்தேன். கீழ்க்கரையில் கையகலத்துக்குப் பழுப்புக் கறை. முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெல்லப்பாகு தீய்ந்தது போன்ற அந்த வாசனை அறை முழுவதும் நின்றது. நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த நாள்முதல் இறக்கும்வரை மாதந்தோறும் சுமந்துவந்து, ஒரு சொட்டும் வாயில் வைக்காத அதே மிலிட்டரி ரம். நேற்று உங்கள் வருடப் படையல். என் சம்மதம் இல்லாமல் அதை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

ஊரில் உங்களுக்குப் பெயர் கிடையாது, மிலிட்டரிதான். மாதத்தின் முதல் வாரத்தில் நீங்கள் விழுப்புரம் ராணுவக் கேன்டீனுக்குப் போய் வரும் நாளை உங்களைவிட உங்கள் தம்பி நன்றாக நினைவு வைத்திருந்தார். சித்தப்பா பேருந்து நிறுத்தத்துக்கே வந்து பையை வாங்கிக்கொள்வார். உங்கள் கை வலிக்குமே என்று வந்ததாகச் சொல்வார். அன்று மாலை நம் வீட்டுக் களத்தில் உறவினர்கள் கூடுவார்கள், அவித்த மல்லாட்டைக் கடலை வரும், கதையும் வரும். உங்கள் தந்தை பர்மா போரில் காயம்பட்ட வெள்ளைக்கார அதிகாரியை முதுகில் தூக்கிக்கொண்டு காட்டைக் கடந்த கதை முதலில். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஓர் ஓடையைக் கடந்தவர், நான் கல்லூரி முடிப்பதற்குள் மலையையே கடந்துவிட்டார். "நைனா ரோடு போடற வேலைக்குப் போனாருடா" என்று நீங்கள் ஒருமுறை மெதுவாகச் சொன்னீர்கள். "உனக்கு என்னாண்ணா தெரியும், நீ அப்ப பொறக்கவே இல்ல" என்று சித்தப்பா முடித்துவிட்டார். அவரும் அப்போது பிறந்திருக்கவில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

அடுத்தது உங்கள் கதை. வங்கதேசப் போரில் நீங்கள் ஒண்டியாக நின்று எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பது. பாட்டில் குறையக் குறைய அந்தத் தொகை ஏறும். பட்டாளத்து ரேஷன் ஸ்டோரில் அரிசியும் பருப்பும் நிறுத்துப் போட்டவர் நீங்கள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் போரில் என்ன நடந்தது என்று ஒருவர்கூட உங்களிடம் கேட்டதில்லை. நீங்கள் ஏன் குடிப்பதில்லை என்று மட்டும் கேட்பார்கள். "புடிக்காது" என்பீர்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எனக்குத் தெரியவந்தது ஒரு பாட்டில் உடைந்ததால். நான் வேலையில் சேர்ந்த புதிது. விழுப்புரத்தில் எனக்கும் ஓர் அலுவலகப் பணி இருந்ததால் இருவரும் சேர்ந்து திரும்பினோம். விக்கிரவாண்டி தாண்டியதும் மாடு ஒன்று குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக் போட்டார். மடியிலிருந்த பை எகிறிக் கம்பியில் மோதியது. சற்று நேரத்தில் வாசனை பேருந்து முழுவதும் பரவியது. "மிலிட்டரி, டிக்கெட் எடுத்தவனுக்கெல்லாம் ஒரு ரவுண்டு ஊத்திட்டியே" என்றார் நடத்துநர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, வியர்த்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுந்தீர்கள். நம் ஊர் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டோம்.

சாலையோரத்தில் வாந்தி எடுத்தீர்கள். பிறகு புளியமரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியபடியே சொன்னீர்கள். ரம்மை அளந்து ஊற்றுவதும் உங்கள் பொறுப்பாக இருந்ததாம். இல்லாதவன் பங்கை இன்னொருவனுக்குத் தரக்கூடாது, சாட்சி வைத்து மண்ணில் கொட்டிவிட வேண்டும் என்பது உங்கள் யூனிட்டின் விதியாம். "அன்னிக்கிக் காலைல இருந்த ஆளுங்க கணக்குக்கு ரம்மு வந்துடிச்சிடா. சாயந்தரம் அத்தினி பேரு இல்ல." மேலே இருந்த அதிகாரி, ஊற்று, பையன்கள் குடிக்கட்டும் என்றார். ஊற்றினீர்கள். குவளையோடு இரண்டாம் முறை வந்தவர்கள், இது இன்னாருடையது, இது இன்னாருடையது என்று செத்தவர்களின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். சிலர் சிரித்தார்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், அங்கே உங்களோடு தமிழ் பேசிய ஒரே ஆள், அன்று போனவர்களில் இருந்தார். அவர் பங்கை உங்கள் குவளையில் ஊற்றச் சொன்னார்கள்.

"குடிச்சேன். அந்தக் குளுருக்கு நல்லா எதமா இருந்திச்சி. அதான்டா."

கடைசிச் சில்லையும் எடுத்துவிட்டு, "மண்ணுல ஊத்தியிருக்கணும்" என்றீர்கள்.

பிறகு எதற்காக மாதாமாதம் போய் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "வாங்கலன்னா ஏன்னு கேப்பானுங்க" என்றீர்கள். இதை யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாகச் சித்தப்பா காதில் போடக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கினீர்கள். "அவன் என்னாவோ சொல்லிக்கினு சந்தோசமா இருக்கான். கெடுக்காத." அந்தச் சந்தோஷத்தைக் காப்பாற்ற உங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, நான் அகப்பட்டேன்.

நீங்கள் போன பிறகு சித்தப்பா அம்மாவின் கேன்டீன் அட்டையை வாங்கிக்கொண்டு விழுப்புரம் போய் வருகிறார். உங்கள் படையலுக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, பக்கத்தில் அந்தப் பாட்டிலையும் வைப்பார். நான் ஒவ்வோர் ஆண்டும் மறுப்பேன். அப்பா குடிக்காதவர், குடிக்காதவருக்கு இதை வைப்பது முறையல்ல என்பேன். "உசுரோட இருந்தப்பதான் குடிக்கல. இப்பவாவது குடிக்கட்டும் விடு" என்பார். கூட்டம் சிரிக்கும். கற்பூரம் அணைந்ததும் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நேற்று எடுத்துப் போகவில்லை. அங்கேயே திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி, எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் நீட்டினார்.

"இது அண்ணன் பங்கு. புள்ள நீதான் குடிக்கணும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே அந்த வார்த்தையைச் சொன்னார். என் கையில் டம்ளர் இருந்தது. புளியமரத்தடியில் சில்லு பொறுக்கிய உங்கள் விரல்கள்தாம் எனக்குத் தெரிந்தன. வாசலைத் தாண்டிப் போய் மண்ணில் ஊற்றினேன். தரையில் பட்டு வேட்டியிலும் தெறித்தது.

"அண்ணன் பங்க மண்ணுல ஊத்திட்டியேடா" என்றார் சித்தப்பா. கோபத்தைவிட அழுகைதான் அந்தக் குரலில் அதிகம். போட்ட இலையில் உட்காராமல் போய்விட்டார். "ஒரு வாய் வெச்சிட்டுத் துப்பியிருக்கலாமில்ல" என்றாள் அம்மா. அவளுக்கும் நீங்கள் சொல்லவில்லையே.

இன்று காலை சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான். சித்தப்பா டீக்கடையில் உட்கார்ந்து, மிலிட்டரிக்குப் பிறந்தவன் செய்கிற காரியமா இது, படித்த திமிர், அப்பனை அவமானப்படுத்திவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இனி நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாராம். "ஏண்ணா அப்டி பண்ண?" என்று கேட்டான். பதிலுக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என்னுடையதல்ல, உங்களுடையது. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அலுவலகத்தில் விதிகளைப் பார்த்தே ஐம்பது வயதை எட்டியவன் நான். மண்ணில் கொட்ட வேண்டியதை இத்தனை ஆண்டுகள் கழித்து இன்னொருவன் கொட்டினால் செல்லுமா, அந்தத் திருவெண்ணெய்நல்லூர்க்காரருக்கு அது சேருமா என்பதற்கு எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இடமில்லை. செல்லும் என்று நம்பித்தான் ஊற்றினேன். ஆனால் மனம் கொஞ்சமும் லேசாகவில்லை அப்பா. உங்கள் தம்பிக்கு மாதாமாதம் பாட்டிலைக் கொடுத்தீர்கள். எனக்கு அந்த ஒரு சாயங்காலத்தைக் கொடுத்தீர்கள். அவர் குடித்துத் தீர்த்துவிட்டு, உங்களைக் கொண்டாடுகிற நல்ல தம்பியாக ஊரில் இருக்கிறார். நான் சொல்லவும் முடியாமல், தீர்க்கவும் முடியாமல், உங்களை அவமதித்த மகனாக இருக்கிறேன். இதை நீங்கள் யோசித்திருக்க வேண்டும்.

வேட்டியைத் தனி வாளியில் ஊறவைத்தேன். கறை போகவில்லை. பின்னால் வந்து நின்ற என் மனைவி, ஊரே ஏசும்படி அதை ஏன் கீழே ஊற்றினீர்கள் என்று கேட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவுக்குப் பிடிக்காது" என்றேன்.