எசேக்கியல் இறந்த ஆண்டு

1986 பிப்ரவரி 11, செவ்வாய்

குழந்தை மெரிலுக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. என் தோளைக் கடித்தே வைத்துவிட்டாள். இந்தச் சின்னத் தீவுக்கு வரும் மதியப் படகில் ஓட்டல் கம்பெனியின் பதில்மனு வந்தது. இந்தக் கடற்கரையை எசேக்கியல் 1904-இல் விற்றுவிட்டாராம். கைநாட்டோடு பத்திரம் இருக்கிறதாம். அவர் 1911 வரை உயிரோடிருந்தார் என்பதற்கு ஆதாரம்? இந்தத் தீவின் வரலாறு பற்றிய என் புத்தகம். பக்கம் 84.

என் கணவர் லெனாக்ஸின் கொள்ளுத்தாத்தா அவர். பதினான்கு வீடுகள், லெனாக்ஸ் படகு கட்டும் கொட்டகை, இந்தத் தொட்டில் கிடக்கும் அறை எல்லாம் அந்த மண்ணில்தான் நிற்கின்றன. ஊருக்காக வழக்கை எழுதிய வக்கீலும் நான், எதிரிக்கு ஆயுதம் கொடுத்தவளும் நான்.

பிப்ரவரி 12

லெனாக்ஸிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 15

ஊருக்கே தெரிந்துவிட்டது. நாத்தனார் யூனிஸ் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா பதினொண்ணுல செத்தாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

"கல்லறையில் செதுக்கியிருக்கிறதே, அண்ணி."

"அது கல்லு நட்ட வருஷம்டி! ஆடு வேணும், சோளம் வேணும், ரம்மு வேணும், கடல் தாண்டிப் போன புள்ளைங்க திரும்பி வரணும். விருந்து போடாம யாராவது கல்லு நடுவாங்களா? அவரு செத்து ஒம்பது வருஷம் வெறும் மண்ணுல கெடந்தாரு. கல்லுகிட்ட கேட்டியே வக்கீலம்மா, எங்க வாயி என்ன தைச்சா கெடக்கு?"

மெரிலைத் தூக்கிக் கொஞ்சவில்லை. போய்விட்டாள்.

பிப்ரவரி 16

இங்கே வந்த ஆறு வருடத்தில் இரண்டு கல் விருந்துகளுக்குப் போயிருக்கிறேன். செத்தவர்களுக்கென்று தனியாக வைத்த தட்டைக்கூடப் பார்த்தேன். வயிறாரச் சாப்பிட்டேன். மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்த் தேதிகளை எழுதிக்கொண்டேன். லண்டன் கல்லறைகளில் கல் பேசுவது போலவே இங்கும் பேசும் என்று எப்படி நினைத்தேன்?

இன்னொன்றும் உறுத்துகிறது. யூனிஸ் சொல்வது நிஜமா, அல்லது நிஜமாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேனா? அவளும் வழக்கில் ஒரு கட்சிதானே. காகிதம் வேண்டும்.

பிப்ரவரி 24

பதிவு அலுவலகம் இருக்கும் பெரிய தீவுக்குப் போய் வந்தேன். படகில் மெரில் நான்கு தடவை கக்கினாள். உடம்பு கொதிப்பது போல் இருந்தது. திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு அலைக்கும் நினைத்தேன். நல்ல தாய் திரும்பியிருப்பாளோ?

அந்த வருடங்களின் இறப்புப் பதிவேடு புயலில் போய்விட்டதாம். குமாஸ்தா சிரித்தார். "செத்தவங்களை வெள்ளம் கொண்டு போயிடுச்சும்மா. கல்யாணம் ஆனவங்கதான் மேல் அலமாரியில தப்பிச்சாங்க."

அப்போதுதான் பொறி தட்டியது. எசேக்கியலின் மனைவி பிலோமின்! மடியில் பிள்ளை அழ அழ ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். 1903, ஜூன். பிலோமின் மறுமணம். நிலை: விதவை.

1904-இல் கைநாட்டு வைத்தது யார், அப்படியானால்?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குமாஸ்தா தண்ணீர் கொடுத்தார்.

மார்ச் 3

சாட்சி சொல்பவளே வழக்கை நடத்த முடியாது. வழக்குக் கட்டை நகரத்து வக்கீல் ஒருவரிடம் ஒப்படைத்தேன். இன்றே இங்கிலாந்திலிருந்து கடிதமும் வந்தது: ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் ஆசிரியர் வேலை, அந்தப் புத்தகத்தை மெச்சி, செப்டம்பரிலிருந்து. மெரிலுக்குப் பக்கத்திலேயே மருத்துவர் இருப்பார். காய்ச்சலுக்குப் படகு பார்த்து நிற்க வேண்டியதில்லை.

"புக்கு தப்புன்னு நீ கோர்ட்ல சொன்னா இது?" லெனாக்ஸ் கடிதத்தை விரலால் சுண்டினார்.

"போய்விடும்."

"நான் சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், சொல்லாதேன்னும் சொல்ல மாட்டேன். எதைச் செஞ்சாலும் அப்புறம் தினமும் என் முகத்துலதான் முழிக்கணும் நீ."

இப்படிச் சொல்வதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 12

சொன்னேன்.

கம்பெனி வக்கீல் எனக்கு ஒரு வருடம் இளையவராம், அதே லண்டன் சட்டப் பள்ளி. மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், கல்யாணப் பதிவேடு சரியா, உங்கள் புத்தகம் சரியா?"

"புத்தகம் தவறு."

"உங்கள் கணவர் வீடு போகப்போகிறது என்றதும் தவறாகிவிட்டதா?"

"எழுதிய அன்றே தவறு. கல் நட்ட வருடத்தை இறந்த வருடம் என்று எழுதிவிட்டேன்."

"மொத்தம் எத்தனை கல்லறைகளைக் குறித்தீர்கள்?"

"இருநூற்றுப் பன்னிரண்டு."

"அதில் எத்தனை தவறு?"

"தெரியாது."

அந்த 'தெரியாது'வை அவர் எழுதிக்கொண்டார். ஐந்து வருட உழைப்பு. பின் வரிசையில் யூனிஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மார்ச் 19

மெரிலுக்கு 102. ஈரத்துணி. வேறெதுவும் எழுத ஓடவில்லை.

மார்ச் 21

இறங்கிவிட்டது.

ஏப்ரல் 17

பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு. லெனாக்ஸ் கொட்டகையில் சுத்தியலை வைத்துவிட்டு வந்து சொன்னார், மறுபடி வேலைக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 29

பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு வரி. வேறொருவரை நியமித்துவிட்டார்களாம். படித்துவிட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டேன். மெரிலோடு நானும் தூங்கிப்போனேன். தகரக் கூரையில் மழை அறைந்த பிறகுதான் கண் விழித்து ஓடினேன். கொடியில் ஒரு துணி இல்லை. எதிர்வீட்டு அகதா எல்லாவற்றையும் எடுத்து, மடித்து, தன் படுக்கை மேல் வைத்திருந்தாள். "மழை கூட காதுல விழாதா உனக்கு? உக்காரு, டீ போடறேன்" என்று திட்டினாள்.