மாமாவின் காய்ச்சல் கணக்கு

மார்ச் 4
காலை 98.4. மாலை 98.2. ஆனாலும் மாமனார் போர்வைக்குள் கிடந்து நடுங்கினார். "எண்பத்திரண்டு வயசுல குளிராதா?" என்கிறார். வலது விலாவுக்குக் கீழே தொட்டால் முகம் சுளிக்கிறது. டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு மாசமா காய்ச்சலே இல்லையே" என்று வாயுவுக்கு மாத்திரை எழுதினார். கணக்கு சரிதான். மனசுதான் ஒப்பவில்லை.

மார்ச் 7
நடுக்கம். 98.3.

மார்ச் 9
ஜெபத்தை முடித்துக்கொண்டு வழக்கத்தைவிட முன்னதாகவே தெர்மாமீட்டரோடு போனேன். மாமா வாய் நிறைய ஐஸ் தண்ணீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல்.
"சொன்னா அறுத்துப் போட்டுடுவாங்கம்மா. உன் அத்தை ஆபரேஷனுக்குன்னு உள்ள போனா. திரும்பி வந்தாளா?"
வாயில் வைக்காமல் அக்குளில் வைத்தேன். 102.
அப்ப இத்தனை நாளா நான் என்னத்தை எழுதிக்கிட்டிருந்தேன்? எண்ணைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேனா? கடவுளே, மன்னியும்.

மார்ச் 11
பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேனில் பித்தக் குழாய்க்குள் காற்று தெரிகிறது. அங்கே அது இருக்கவே கூடாதாம். கல் ஒன்று நாள்பட அரித்து, குழாயிலிருந்து குடலுக்கு ஓட்டை போட்டிருக்கிறது. அந்த வழியாகக் கிருமி ஏறித்தான் காய்ச்சல். அபூர்வம், பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். நோட்டில் ஒட்டிவைத்தேன். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், வாய் வழியாகக் குழாய் விட்டே கல்லை எடுத்துவிடலாம் என்றார்.
முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர் மாமா. "அப்போ கல்லு டிக்கெட் எடுக்காம பின்வழியா இறங்கப் பாத்திருக்கு."
டாக்டர் சிரித்தார். மாமாவும்தான். ஆனால் என் கைப்பை வாரை மட்டும் விடவே இல்லை.

மார்ச் 14
எடுத்தாயிற்று. சீழும் வடிந்துவிட்டது. ஓட்டை தானாகவே மூடலாம். மூடாவிட்டாலும் இப்போதைக்குத் தொந்தரவில்லையாம். மயக்கம் தெளிந்ததும் மாமா முதலில் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். தையல் இல்லை. "இதுக்கா அவ்வளவு ஐஸ் தண்ணி குடிச்சேன்?"

மார்ச் 16
இரண்டு இட்லிகூட இறங்காதவர், இன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். நடுக்கம் இல்லை.

மார்ச் 22
துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் நோட்டில் கோணல்மாணலாக மாமாவின் எழுத்து:
97.8. அக்குளில் வைத்தது. தண்ணீர் குடிக்கவில்லை.
நான் மறுபடி வைத்துப் பார்க்கவில்லை.