போட்டியின்றித் தெரிவு

2004 செப்டெம்பர் 18, சனி

இன்று விதுஷாவின் வீட்டுக்குப் போனேன். உண்மையான வீட்டுக்கு.

இதை ஆங்கிலத்தில் எழுதினால் தம்பி சேந்தன் வாசித்துவிடுவான். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாமே ஆங்கிலம் என்பதால் அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் இந்தக் கொப்பி தமிழில்.

ஆறாம் வகுப்பில் விதுஷா பதுளைக்கு வந்து எங்களோடு சேர்ந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. பசறை வீதியில் வீடு என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருந்தாள். நேற்று இடைவேளையில் திடீரென்று, "நாளைக்கு எங்க வீட்டுக்கு வாறியா?" என்றாள். பஸ் பசறை வீதியில் நிற்காமல், பசறை டவுணையும் தாண்டி நமுனுகுலப் பக்கம் ஏறத் தொடங்கியபோதுதான் கேட்டேன்.

"அது சித்தப்பா வீடு. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அங்க. என் வீடு மேல."

தேயிலைக்கு நடுவே ஒரு லயம். எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ், அவர்களுடையது நாலாவது. அவள் அப்பா அழகர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். "வாங்கம்மா, ஒக்காருங்க," என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துத் தந்துவிட்டு, தான் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். சுவரில் அவள் அம்மா தனலெட்சுமியின் படம். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துதான் இவளைப் படிப்பிக்கிறார். கடைசியாக வந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு.

ரொட்டி, சம்பல், இஞ்சி போட்ட தேத்தண்ணீர். அங்கே விதுஷா வேறு ஆள். சத்தமாகப் பேசுகிறாள், பக்கத்து வீட்டுக் கோழியைத் திட்டுகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

பஸ் ஏற்றிவிடும்போது, "ஸ்கூல்ல சொல்லிறாத, என்ன?" என்றாள்.

"சொல்ல மாட்டன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எங்கை பிள்ளை போயிட்டு வாறாய்?" என்றார். சொன்னேன். "அங்கை சாப்பிட்டனியோ?" என்றார். "ஓம்." வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டெம்பர் 20, திங்கள்

ஸல்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கெட்ட நினைப்பில் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் பசறை எவ்வளவு சின்னதாய்த் தெரிகிறது, ரொட்டி எவ்வளவு ருசி, அந்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு இவள் எப்படிக் கணக்கில் முதலாவதாய் வருகிறாள் — இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஸல்மா என் பக்கத்து மேசை. ஏழு வருஷச் சிநேகிதி.

யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னேன். அதைத்தான் விதுஷா என்னிடமும் சொன்னாள்.

அக்டோபர் 4, திங்கள்

மாணவர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு இன்று பெயர் கொடுத்தோம். நானும் விதுஷாவும் மட்டும்தான். யார் வென்றாலும் மற்றவள் செயலாளர் என்று பேசிக்கொண்டோம்.

அவள்தான் வெல்வாள். வலைப்பந்து அணிக்கு அவள்தான் தலைவி. விவாதக் குழுவிலும் இருக்கிறாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் அவள் பின்னாலேயே ஓடுகிறார்கள். என் பின்னால் சேந்தன்கூட ஓடுவதில்லை. எனக்கு அது கொஞ்சம் வலிக்கிறதா? கொஞ்சம்.

அக்டோபர் 6, புதன்

ஸல்மா இன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 7, வியாழன்

எழுதாமல் படுக்க முடியாது.

இடைவேளை. தண்ணீர்க் குழாயடியில் விதுஷா போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வகுப்பு நிருபன் — வங்கி மனேஜரின் மகன், என்னைப் போல யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை — தன் புத்தகப் பையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்துக்கூடை சுமக்கிற மாதிரிக் குனிந்து, காற்றில் இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டே தாழ்வாரம் முழுக்க நடந்தான். "பெரட்டுக்கு நேரமாச்சு, தலைவி வரல்லையா?" என்று கத்தினான். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். அந்தச் சொல் விளங்காத சிங்களப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் நடந்த நடைக்கே சிரித்தார்கள்.

விதுஷா நிருபனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

ஏன் பேசேல்லை நான்? ஒரு சொல்லு. "நிருபன், நிப்பாட்டு." அவ்வளவுதானே! வாய் வரேல்லை. பேசினால் நீயும் லயமோ என்று கேட்பார்கள் என்று பயந்தேனா? இல்லாவிட்டால் — இதை எழுதவே கை கூசுகிறது — இனி நான் வெல்லலாம் என்று அந்தக் கணத்திலேயே தோன்றியதா?

தோன்றியது.

அக்டோபர் 8, வெள்ளி

விதுஷா பெயரை மீளப் பெற்றுக்கொண்டாள். காரணம் எழுதவில்லையாம். காலைக் கூட்டத்தில் அதிபர் அம்மா, நான் போட்டியின்றித் தெரிவானதாக அறிவித்தார். மேடைக்குக் கூப்பிட்டுச் சின்னம் குத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். விதுஷாவும் தட்டினாள்.

ஸல்மா கழுவுமிடத்தில் என்னைப் பிடித்து அழுதாள். "நான் பக்கத்து வகுப்பு றம்ஸியாக்கு மட்டும் தான் சொன்ன, கேசினி. சும்மா தான் சொன்ன. அவ போய் நிருபனுக்குச் சொல்லீக்கா."

நான் அவளைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

பின்னேரம் அப்பா கேக் வாங்கி வந்தார். "எங்கட பிள்ளை தலைவி!" என்று தொலைபேசியில் மாமாவுக்கும் சொன்னார். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

நவம்பர் 17, புதன்

தீபாவளி விடுமுறை முடிந்து மூன்று நாள். விதுஷா வரவில்லை. இன்று வகுப்பாசிரியை வரவு இடாப்பில் அவள் பெயருக்கு மேலே சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தார். விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

இந்த ஒன்றரை மாதமும் என்னோடு அவள் பேசாமல் இருக்கவில்லை. கேட்டால் பதில் சொன்னாள். பென்சில் கேட்டால் தந்தாள். அவ்வளவுதான்.

நவம்பர் 20, சனி

பசறை வீதியில் அவள் சித்தப்பா வீட்டுப் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

டிசம்பர் 26, ஞாயிறு

கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். கல்முனை, மட்டக்களப்பு, காலி எல்லா இடமும். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கல்முனையில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் இருக்கிறார்; தொலைபேசி எடுபடவில்லை. அப்பா விடாமல் இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறார்.

டிசம்பர் 28, செவ்வாய்

பள்ளி மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். நிவாரணப் பொருள்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை கல்முனைக்கு அனுப்புகிறோம். தலைவி என்பதால் எல்லாவற்றையும் பதிவது என் பொறுப்பு. பழைய உடுப்பு மலைபோலக் குவிந்திருக்கிறது. யாரோ ஒருவர் கல்யாணக் கோட்டு அனுப்பியிருக்கிறார்.

வேலை செய்கிறபோது நல்லாய் இருக்கிறது. எதையும் நினைக்கத் தேவையில்லை.

டிசம்பர் 30, வியாழன்

காலை பத்து மணியிருக்கும். ஒரு கொழுந்து லொறி பள்ளி வாசலில் வந்து நின்றது. அழகர் மாமா இறங்கினார். மற்றப் பக்கத்தால் விதுஷா.

பதினொரு மூட்டை அரிசி. பருப்பு, சீனி, தேயிலைத் தூள், புதுத் துவாய்கள், கயிற்றால் கட்டிய போர்வைகள். வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி என்று ஒவ்வொரு லயமாய்ப் போய்ச் சேர்த்தார்களாம். சில வீடுகளில் இரண்டு மூன்று கிலோவும் தந்திருக்கிறார்கள். அதிபர் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். விதுஷா அவரோடு எப்போதும்போல அழகான ஆங்கிலத்தில் பேசினாள். கல்முனைக்குப் போகிற லொறி இங்கிருந்துதான் புறப்படுகிறது என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னாள்.

பதிகிற மேசையில் நான்.

"யார் தந்தது என்று எழுத?"

"தோட்டத்து மேல் டிவிசன் லயத்து ஆளுங்கன்னு எழுது." பேனை என் கையில் நின்றதைப் பார்த்து, "எழுது. அப்படியே எழுது," என்றாள்.

எழுதினேன். ஆண்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"விதுஷா, ஸல்மாவுக்குச் சொன்னது நான்தான்."

"தெரியும்," என்றாள். "ஸ்கூல்லேர்ந்து உன்னைத் தவிர வேற யாரும் எங்க வீட்டுக்கு வந்ததில்லையே."

அவளே தொடர்ந்தாள். "வாய் தவறிப் போச்சுன்னு நெனச்சிக்கிட்டேன். எனக்கும் வாய் தவறியிருக்கு. அது இல்ல கேசினி. அன்னிக்கு அவன் பைய மாட்டிக்கிட்டு நடந்தானே — நீ ஏன் குனிஞ்ச?"

"பயம்," என்றேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதியையும் சொன்னேன். "நான் வெல்லலாம் என்று நினைச்சன்."

அவள் பதிவுக் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, நான் எழுதியதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை.

"எங்க அம்மா அங்க ஒரு வீட்ல பாத்திரம் கழுவுது. நான் இங்க பசறை ரோட்டு வீடுன்னு பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுவும் தப்புதான்னு எனக்கு இப்பத் தெரியுது. ஆனா அத நான் சொல்லணும் கேசினி. நிருபன் இல்ல."

அவள் அப்பா கூப்பிட, போய்விட்டாள். பசறையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள் என்று பிறகு அழகர் மாமா சொன்னார். "ஒங்க ஸ்கூலு வேணாம்னுருச்சும்மா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது." அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

2005 ஜனவரி 10, திங்கள்

பள்ளி தொடங்கிவிட்டது. நாளைக் காலைக் கூட்டத்தில் நிவாரண வேலை பற்றி நான் அறிக்கை வாசிக்க வேண்டும். அதிபர் அம்மா திருத்தித் தந்துவிட்டார். 'எமது பள்ளிச் சமூகத்தின் பெருந்தன்மை' என்று ஒரு வரி. மேல் டிவிசன் அதில் இல்லை, நீளமாகிவிடுமாம்.

எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னால் விதுஷாவை இன்னொரு தடவை மேடையில் ஏற்றியதாகிவிடுமா? அவள் வீட்டைப் பற்றி நான் இனி வாய் திறக்கக் கூடாது. என்னைப் பற்றி மட்டும் சொல்லலாம்.

ஜனவரி 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அறிக்கையை வாசித்து முடித்து, பதினொரு மூட்டை அரிசி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட்டு, தாளை மடித்தேன். பிறகு, ஒரு சிநேகிதி நம்பிச் சொன்னதை நான் வெளியில் விட்டேன், அவளைக் கேலி செய்தபோது பேசாமல் நின்றேன், அதனால்தான் இந்தச் சின்னம் என்னிடம் வந்தது, இது எனக்குரியதல்ல என்றேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சின்னத்தைக் கழற்றும்போது ஊசி விரலில் குத்திவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. அதிபர் அம்மா, "இறங்குங்கள், கேசினி," என்றார். பிறகு அறையில் வைத்து, சொந்தப் பிரச்சினையைக் கூட்டத்துக்குக் கொண்டு வந்து பள்ளியின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றார். நிருபனைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி 12, புதன்

காலையில் அப்பா, "உனக்கென்ன விசரோ? ஆர் கேட்டது உன்னை?" என்றார். அவர் வேலைக்குப் போன பிறகு அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டே, "அந்தப் பிள்ளை இப்ப எங்கை படிக்குது?" என்று கேட்டார்.

ஜனவரி 28, வெள்ளி

மறுதேர்தல். நிருபன் வென்றான். நூற்றுப் பன்னிரண்டு வாக்கு.

நான் அப்படிச் சொன்னால் ஏதாவது மாறும் என்று நினைத்திருக்கிறேன் போல. இல்லை. மாறியது இவ்வளவுதான்: இப்போது என் மேசையைச் சுற்றி ஆள் குறைவு. ஸல்மா மட்டும் எழுந்து போகவில்லை.

மார்ச் 15, செவ்வாய்

விதுஷாவுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 30, சனி

பதில் இல்லை. அது அவள் விருப்பம்.

ஜூன் 9, வியாழன்

பதுளை பஸ் நிலையம். நல்ல மழை. கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்ற வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளுக்குள்ளே இருந்து யாரோ, "கேசினி!" என்று கூப்பிட்டது கேட்டது. விதுஷா. ஏதோ போட்டிக்காக அவர்கள் பள்ளியிலிருந்து வந்திருக்கிறார்கள். தலைமுடியை வெட்டியிருக்கிறாள், முகம் வேறு மாதிரி இருக்கிறது.

பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம், "இது கேசினி. என்கூடப் படிச்சவ," என்றாள். சிநேகிதி என்று சொல்லவில்லை. சொன்னது சரிதான்.

அம்மா ஓகஸ்ட்டில் வருகிறாராம். இனித் திரும்பிப் போவதில்லையாம். அவர்கள் பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு இவள்தான் பாடம் எடுக்கிறாள். "மிஸ்ஸுன்னு கூப்பிடுதுங்க. சிரிப்பா வருது," என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

பிறகு, "ஒங்கிட்ட அந்தப் பழைய இங்கிலீஷ் கிரெமர் புத்தகங்கள் இருக்கா? சின்ன வகுப்புது," என்றாள்.

"இருக்கு. சேந்தன்ரையும் இருக்கு. நாளைக்கு இஞ்சை கொண்டுவந்து தரட்டோ?"

அவளுடைய பஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இங்க வேணாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கொண்டு வா. சாப்பிட்டுட்டுப் போலாம்."

பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். நான் போகும் பள்ளி வான் வண்டி போய்விட்டது. நடந்து வந்தேன். தெப்பமாய் நனைந்து படியேறியதைக் கண்டு அம்மா துவாயோடு ஓடி வந்தார்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை நான் நமுனுகுல போகோணும்."

அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"வெறுங்கையோட போகாதை," என்றார். "வடை சுட்டுத் தாறன்."